உள்பக்கத்துக்கு ஒரு கார்டு

எங்க அண்ணன் வாங்கிட்டு வர்ற சாமான் எதுவும் வேலை செய்யலன்னா, அவனோட சந்தேகம் ஒரு வரிசையில போகும். முதல்ல வித்த கடைக்காரன் மேல. அடுத்து வயர் மேல. அதுக்கப்புறம் வீட்டுப் பொம்பளைங்க மேல, "யாராவது எதையாவது தொட்டீங்களா"ன்னு. தன் மேல சந்தேகப்பட அவனுக்கு நேரமே வராது, அதுக்குள்ள சாப்பாட்டு வேளை ஆயிடும்.

அவனைக் குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. சந்தேகப்படறதுல நானும் அதே வீட்டுப் பொண்ணுதான். ஆனா எனக்கு அதுக்குக் காரணம் இருந்துச்சு.

நான் புருஷன் வீட்டை விட்டு வந்தவ. வந்தவன்னு நாகரிகமா சொல்றேன், ஒத்தைச் செருப்போட ஓடி வந்தேன். அந்த ஆளு பேரைச் சொல்லி என் வாயைக் கெடுத்துக்கப் போறதில்லை. என் கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்டு அவனுக்கு உத்தரவு போட்டிருக்கு. உத்தரவு வாங்கிட்டு வெளிய வந்த அன்னிக்கே, வாசல்ல நின்னு அண்ணன்கிட்ட சிரிச்சிக்கிட்டே சொன்னான்: "எத்தனை நாளைக்கு வச்சு சோறு போடுவீங்க? உங்க வீட்டுக்காரம்மாவே ஒருநாள் இவளை வெளிய தள்ளுவாங்க. அன்னிக்கு நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அந்த வார்த்தை என் நெஞ்சுல ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுச்சு. எனக்குன்னு இருந்தது அண்ணன் வீடு ஒண்ணுதான். அந்தக் கதவு சாத்தினா அடுத்த கதவு அவனோடது. அதனால அண்ணியோட முகத்தைப் படிக்கறதே எனக்கு ஒரு வேலையாப் போச்சு. டம்ளரைக் கொஞ்சம் சத்தமா வச்சாங்கன்னா, அது எனக்காக வச்ச சத்தமோன்னு தோணும். விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்லுவாங்க, நான் வந்து மாசக்கணக்காச்சு.

அண்ணி பல் டாக்டர்கிட்ட உதவியாளரா இருக்காங்க. பேச்சு கம்மி. சொல்ல வேண்டியதை ஊசி போடற மாதிரி சுருக்குனு சொல்லி முடிச்சுடுவாங்க. அண்ணன் வீட்டு பிளான் வரையறவன், வேலை வீட்டுலயே. நான் கண்ணாடிக் கடையில லென்ஸைத் தேய்ச்சு ஃபிரேம்ல பொருத்தற வேலைக்குப் போக ஆரம்பிச்சிருந்தேன். வீட்டுல நாங்க மூணு பேர்தான். நாலாவதா ஸ்டோர் ரூம்ல அண்ணனோட சர்வர்.

சர்வர்னதும் பெரிசா நினைச்சுக்காதீங்க. துடைப்பத்துக்கும் பழைய பேப்பர் கட்டுக்கும் நடுவுல ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. திரை கிடையாது, ராத்திரி பகலா உறுமிக்கிட்டே இருக்கும். அண்ணன் வரைஞ்ச பிளானெல்லாம் அதுலதான். குடும்ப போட்டோவும் அதுலதான், என் கல்யாண போட்டோ உட்பட. சொந்தக்காரங்க எங்க இருந்தாலும் பாக்கட்டும்னு அதுக்கு ஒரு முகவரி வச்சு, பாஸ்வேர்ட் போட்டு, எல்லாருக்கும் அனுப்பியிருந்தான். எல்லாருக்கும்னா அந்த ஆளுக்கும்தான், அப்ப அவன் மாப்பிள்ளை. நான் ஓடி வந்த மறுநாளே பாஸ்வேர்டை மாத்திட்டான். அதுல குறை சொல்ல முடியாது.

அப்புறம் என் பாதுகாப்புக்குன்னு கேமரா வாங்கினான். வாசல்ல ஒண்ணு, ஹால்ல கதவைப் பாத்த மாதிரி ஒண்ணு. ரெண்டும் படம் மட்டும் காட்டும், சத்தம் புடிக்காது, விலைக்கேத்த சாமான். அண்ணிக்கு ஹால் கேமரா புடிக்கலை. சொந்த வீட்டுல முடியை விரிச்சுப் போட்டுட்டு உக்கார முடியாதான்னு கேட்டாங்க. பாப்பாவுக்காகன்னு அண்ணன் ஒரே வார்த்தையில முடிச்சுட்டான். பாப்பான்னா நான்தான். முப்பது தாண்டியும் அந்த வீட்டுல நான் பாப்பா.

கேமரா படம் வெளியாள் கண்ணுல படக்கூடாதுன்னு அண்ணன் ஒரு ஏற்பாடு யோசிச்சான். பெட்டியில ஏற்கனவே இருக்கற நெட்வொர்க் கார்டு வெளிப்பக்கத்துக்கு, அதாவது இன்டர்நெட்டுக்கு. புதுசா இன்னொரு கார்டு போட்டு அதை உள்பக்கத்துக்கு வச்சுக்கலாம். கேமராவும் அவன் வரையற கம்ப்யூட்டரும் அந்தப் பக்கம் தனி வயர்ல வரும். வெளிப்பக்கமா யார் வந்தாலும் பெட்டி பாஸ்வேர்ட் கேக்கும், சரியாச் சொன்னாலும் போட்டோவை மட்டும்தான் காட்டும். உள்பக்கமா வர்றவங்க வீட்டு ஆளுங்க, எதுவும் கேக்காம எல்லாத்தையும் திறந்து விடும். இதை அவன் எங்களுக்குப் பேப்பர்ல ரெண்டு வாசல் போட்டு விளக்கினான். அண்ணி சரின்னாங்க. எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்துச்சு.

கார்டு வந்துச்சு. பெட்டியைத் திறந்து, தூசியை ஊதி, சொருகி, ராஜா மாதிரி உக்காந்து பட்டனை அமுக்கினான். அன்னிக்கு ஆரம்பிச்சது வம்பு.

கார்டுல பச்சை விளக்கு எரியுது. வரையற கம்ப்யூட்டர்லேர்ந்து கூப்பிட்டுப் பாத்தா குரலும் குடுக்குது. ஆனா உள்ள போனா பாஸ்வேர்ட் கேக்குது. போட்டா, போட்டோவை மட்டும் காட்டுது. கேமராவைத் தொட்டா அனுமதி இல்லைங்குது. வீடு கட்டினவனையே வாசல்ல நிக்க வச்சுக் கேள்வி கேட்டுது அந்தப் பெட்டி. அண்ணனுக்கு முகம் செவந்து போச்சு.

முதல்ல கடைக்காரன். யாரோ திருப்பிக் குடுத்த கார்டைத் தொடைச்சு என் தலையில கட்டிட்டான்னு சொல்லிட்டுப் போய்ச் சண்டை போட்டு வேற கார்டு வாங்கிட்டு வந்தான். அதுவும் அதே பாட்டு. அடுத்து வயர். வீட்டுல இருந்த அத்தனை வயரையும் மாத்திப் போட்டான். அப்புறம் கார்டைப் புடுங்கி வேற இடத்துல சொருகினான். ஸ்டோர் ரூம் வாசல்ல திருகாணி சிதறிக் கிடந்துச்சு, துடைப்பம் எடுக்கப் போன அண்ணி ஒண்ணை மிதிச்சுட்டு நொண்டினாங்க. கடைசியா எங்க முறை வந்துச்சு, யாராவது எதையாவது தொட்டீங்களான்னு.

இதுல ஒரு வேடிக்கை. அவன் போன்ல மட்டும் எல்லாம் கண்ணாடி மாதிரி தெரியுது. கட்டட வேலை நடக்கற இடத்துலேர்ந்து பாத்தாலும் ஒரு தட்டு தட்டினா ஹால் தெரியுது, வாசல் தெரியுது. பாஸ்வேர்ட் கூட கேக்கறதில்லை, போன் ஞாபகம் வச்சிருக்கு போலன்னான். வெளியிலேர்ந்து பிரமாதமா வருது, உள்ள இருந்துதான் தகராறு, ஆக உள்பக்கத்து கார்டுதான் கோளாறுன்னு தீர்ப்பு எழுதிட்டான். நாங்களும் தலையாட்டினோம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு அண்ணி மட்டும் என் காதுபடச் சொன்னாங்க. அதுக்கு நான் சிரிச்சேன். அந்த வீட்டுல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சது அதுதான் கடைசி, ஏன்னா அந்த வாரம்தான் மெசேஜ் வர ஆரம்பிச்சது.

தெரியாத நம்பர். "புதுக் குடை நல்லா இருக்கு." அவ்வளவுதான். எழுதியிருந்த விதத்தைப் பாத்ததுமே தெரிஞ்சது யாருன்னு. குடையை யார் வேணா தெருவுல பாக்கலாம்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அடுத்தது வேற நம்பர்லேர்ந்து வந்துச்சு: "சோபாவுலயே தூங்கிட்ட போல. கழுத்து வலிக்கலையா?"

நான் சோபாவுல தூங்கினது வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் அன்னிக்கு வெளியூர் வேலையா போயிருந்தான். மிச்சம் யாருன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. நான் போட்டேன். அதுக்கடுத்து வந்தது இன்னும் மோசம்: "அண்ணி இப்பல்லாம் உன்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல போல."

என் ரத்தம் கொதிச்சது. என்னை வெளிய தள்ள இப்படி ஒரு வழியான்னு நினைச்சேன். நேரா போன்னு சொன்னா அண்ணன் சும்மா விடமாட்டான், அதனால அந்த ஆளைக் கூப்பிட்டு, இந்தா உன் சரக்கை எடுத்துக்கோன்னு வழி சொல்லிக் குடுக்கறாங்கன்னு முடிவே பண்ணிட்டேன். போலீசுக்குப் போனேன். எங்க கேஸைப் பாக்கற இன்ஸ்பெக்டரம்மா நல்லவங்கதான், ஆனா நம்பரெல்லாம் யார் யார் பேர்லயோ இருக்கு, அவன்தான்னு நிரூபிக்க நாளாகும்னுட்டாங்க. வீட்டுல யார் மேலயாவது சந்தேகமான்னு கேட்டப்ப என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். அண்ணன்கிட்டயும் மூச்சு விடலை. ஆதாரம் இல்லாம அவன் பொண்டாட்டி மேல பழி போட்டா, வெளிய போறது யாரு? நான்தானே.

அண்ணி பக்கத்துல என்ன ஓடிச்சுன்னு அப்புறம்தான் தெரியும். போன் முனகும், நான் எடுத்துப் பாப்பேன், முகம் மாறும், மறைப்பேன். இதை அவங்க கவனிச்சிருக்காங்க. பழைய பாசம் திரும்பிடுச்சு, அண்ணன் சோத்தைத் தின்னுட்டு அவன்கூட ரகசியமா பேசறாள்னு அவங்க கணக்கு. பாத்திரம் கழுவும்போது ஒருநாள் நேராவே கேட்டுட்டாங்க, நீ அவர்கூட பேசிட்டிருக்கியான்னு. அந்த 'அவர்' எனக்குச் சுரீர்னு ஏறிச்சு. மரியாதையெல்லாம் குடுத்துப் பேசறீங்களே, உங்களுக்குத்தான் பழக்கம் போலன்னேன். அதோட எங்களுக்குள்ள பேச்சு நின்னு போச்சு. அண்ணன் ஸ்டோர் ரூம்ல மறுபடியும் வயரை மாத்திட்டு இருந்தான்.

கையும் களவுமா புடிக்கணும்னு ஒரு திட்டம் போட்டேன். பேச்சு நின்ன வீட்டுல வேணும்னே பேச்சுக் குடுத்து, அண்ணிகிட்ட மட்டும் ஒரு பொய் சொன்னேன். கடையில என்னை வேற ஊர்க் கிளைக்கு மாத்தறாங்க, அடுத்த வாரம் கிளம்பறேன்னு. இது அவன் காதுக்குப் போனா சும்மா இருக்க மாட்டான், பதறிட்டு மெசேஜ் வரும், அப்ப அண்ணி மாட்டிப்பாங்க.

காத்திருந்தேன். மெசேஜ் வந்துச்சு. "ஸ்டூல் மேல ஏறி பல்பு மாத்தறியே. அண்ணன் எதுக்கு இருக்கான்?"

வேலை மாத்தலைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. மறுநாளும் இல்லை. கடையில லென்ஸைத் தேய்ச்சுக்கிட்டே பழைய மெசேஜையெல்லாம் மனசுல ஓட்டிப் பாத்தேன். குடை. சோபா. முகம் குடுக்காதது. பல்பு. எல்லாமே கண்ணால பாக்கற சமாச்சாரம். நாங்க பேசினது, சண்டை போட்டது, நான் சொன்ன பொய், எதுவும் அவனுக்குத் தெரியலை. அவனுக்குக் கண்ணு இருக்கு, காது இல்லை. அண்ணி சொல்லிக் குடுத்திருந்தா காதும் இருந்திருக்கும்.

தேய்க்கிற சக்கரத்தை நிறுத்திட்டேன். எங்க வீட்டுல கண்ணு இருந்து காது இல்லாதது எதுன்னு யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

பக்கத்துல கண் டெஸ்ட் பண்ற அக்கா இருந்தாங்க. அவங்க போனைக் கொஞ்சம் குடுங்கக்கான்னு வாங்கி, குடும்ப போட்டோ முகவரியை அடிச்சேன். என் கல்யாண சமயத்துல பாதி சொந்தத்துக்கு நானே அனுப்பின முகவரி, மறக்குமா? அந்தப் போன் எங்க வீட்டை ஜென்மத்துல பாத்ததில்லை. பாஸ்வேர்ட் கேட்டிருக்கணும். கேக்கலை. போட்டோ, பிளான், கேமரா எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. ஹாலைத் தொட்டேன். அண்ணி சோபாவுல தனியா உக்காந்திருந்தாங்க. ஒண்ணும் பண்ணலை, கதவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. லீவு நாள்ல ஒரு மனுஷி தன் வீட்டுல உக்காந்திருக்கறதை, சம்பந்தமில்லாத ஒரு கடையில நின்னு நான் பாக்கறேன். எனக்கே கூசிப் போச்சு. அந்த ஆளு எத்தனை நாளா இப்படி உக்காந்து பாத்திருக்கான்னு நினைச்சதும் போனை அக்கா கையில திணிச்சுட்டேன்.

வீட்டுக்குப் போய் அண்ணன் முன்னால விஷயத்தைப் போட்டு உடைச்சேன், எல்லா மெசேஜையும் காட்டினேன். அவன் நேரா ஸ்டோர் ரூமுக்குள்ள போனான். வெளிய வந்தப்ப முகத்துல ஈயாடலை. கார்டு எதுலயும் கோளாறே இல்லையாம். கடைக்காரன், வயர், பாவம் எல்லாம் நிரபராதி.

நடந்தது இவ்வளவுதான். அண்ணன் பெட்டிக்குக் கட்டளை எழுதும்போது முதல் கார்டு, ரெண்டாவது கார்டுன்னு எழுதியிருக்கான். முதல் கார்டு வெளிப்பக்கம், கண்டிப்பா இரு. ரெண்டாவது உள்பக்கம், தாராளமா இரு. அவன் கணக்குல முதல்ல வீட்டுக்கு வந்த கார்டு முதலாவது, அப்புறம் வந்தது ரெண்டாவது. அவனே தலைப்பிள்ளை இல்லையா, வேற மாதிரி எண்ணத் தெரியாது. ஆனா முதல்ல பொறந்தவன்தான் மூத்தவன்னு பெட்டிகிட்ட யாரும் சொல்லலை. அது சொருகியிருக்கற இடத்தை வச்சு எண்ணுமாம். புதுக் கார்டு போட்டதும் அதை முதலாவதா ஆக்கிட்டு, பழசை ரெண்டாவதுன்னு தள்ளிடுச்சு. கட்டளை அப்படியே தலைகீழா மாறிப் போச்சு. வீட்டு ஆளுங்ககிட்ட கண்டிப்பு, ஊருக்கெல்லாம் தாராளம். என்னைக் காப்பாத்தப் போட்ட கார்டு, அந்த ஆளுக்குக் கதவைத் திறந்து விட்டுடுச்சு.

நான் அண்ணி பக்கம் திரும்பினேன். அவங்களும் என் போன்ல மெசேஜையெல்லாம் படிச்சு முடிச்சிருந்தாங்க. மன்னிச்சுக்கோங்கன்னு ரெண்டு பேருமே சொல்லலை. அண்ணி போனை என் கையில வச்சுட்டு, சமையல்கட்டுல நின்னு பேசலாம் வா, அங்க கண்ணு இல்லைன்னாங்க.

அண்ணன் அப்பவே கட்டளையைத் திருத்தக் கிளம்பினான். நான்தான் தடுத்தேன். இன்ஸ்பெக்டரம்மாவைக் கூப்பிட்டேன். யார் பாத்தாங்கன்னு நிரூபிக்க மாசக்கணக்காகும், ஆனா உத்தரவை மீறிக் கிட்ட வந்து கையைப் புடிச்சான்னா அந்த நிமிஷமே போதும்னாங்க. அவன் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கான்னு எனக்குத்தான் தெரியுமே. அண்ணி என்னை வெளிய தள்ளணும். அதை அவன் கண்ணால பாக்கணும். பாக்கட்டும்னேன்.

அண்ணனுக்கு இது சகிக்கலை. எங்க கோளாறுன்னு கண்டுபுடிச்சும் இன்னும் ஒருநாள் திருத்தாம விட்டு வைக்கறது அவனுக்கு உயிர் போற வேதனை. ஸ்டோர் ரூம் பக்கம் போகவே கூடாதுன்னு அண்ணி அவனை வரையற மேஜையில உக்கார வச்சாங்க. மறுநாள் பகல்ல நானும் அண்ணியும் ஹாலுக்கு வந்து கேமரா முன்னால நின்னோம். சத்தம் கேக்காது, வாயை அசைச்சாப் போதும்னு பேசி வச்சிருந்தோம்.

அண்ணி ஆரம்பிச்சாங்க. விரலை நீட்டி, கண்ணை உருட்டி, கோபமா கத்தினாங்க, "கடைவாய்ப்பல். வெட்டுப்பல். கோரைப்பல். ஞானப்பல்." எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு, அழற மாதிரி முகத்தை மூடிக்கிட்டேன். ஈறு வீக்கம்னாங்க, வேர் சிகிச்சைன்னாங்க. என் பையைத் தூக்கி வாசல் பக்கம் எறிஞ்சாங்க. அப்புறம் பல்லெல்லாம் தீர்ந்து போச்சு போல. ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினாங்க. குரல் இறங்கிடுச்சு.

"நீ வந்ததுலேர்ந்து இந்த வீட்டுல நான்தான் விருந்தாளி. உங்க அண்ணன் என்கூட உக்காந்து பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா? பேசினா உன்னைப் பத்தித்தான். உனக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதுன்னு நானும் தினம் பயப்படறேன். ஆனா என்னால முடியலை, பாப்பா. எனக்கு என் வீடு வேணும். நீ போயிடு."

நான் முகத்துலேர்ந்து கையை எடுத்துட்டேன். அவங்க கண்ணு கலங்கியிருந்துச்சு. பதில் சொல்ல எனக்கு ஒரு பல்லு பேரும் வரலை. கதவைக் காட்டினாங்க. பையை எடுத்துக்கிட்டு வெளிய வந்தேன். நடிச்சேனா நடந்தேனான்னு தெரியலை, கால் தன்பாட்டுக்குப் போச்சு.

தெருமுனை பஸ் ஸ்டாப்ல நின்னேன். மருந்துக்கடைக்குள்ள இன்ஸ்பெக்டரம்மா சாதாரண உடுப்புல இருமல் மருந்து கேட்டுட்டு இருந்தாங்க. பஸ் ஒண்ணு வந்து போச்சு. ரெண்டாவது பஸ் வரும்போது அவன் கார் வந்துச்சு. அவ்வளவு பக்கத்துலதான் இருந்திருக்கான், தினமும். இறங்கி வந்து மணிக்கட்டைப் புடிச்சான், அந்தப் பழைய பிடி. "நான்தான் சொன்னேன்ல. பையைத் தூக்கி எறிஞ்சுட்டாங்களா? வா, நம்ம வீட்டுக்குப் போலாம்."

பையைத் தூக்கி எறிஞ்சது உனக்கெப்படிய்யா தெரியும்னு பின்னாலேர்ந்து இன்ஸ்பெக்டரம்மா கேட்டாங்க. அவன் திரும்பிப் பாத்த பார்வை ஒண்ணு போதும் எனக்கு, ஆயுசுக்கும் வச்சுப் பாத்துக்குவேன். கையை விட்டான். அவங்க அவன் கையைப் புடிச்சாங்க. நான் அங்கயே பெஞ்சுல உக்காந்து ஓன்னு அழுதேன். பயத்துல இல்லை, பயம் போனதுல.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அண்ணன் தலைகால் புரியாம இருந்தான். இப்ப முதல், ரெண்டுங்கற பேச்சே கிடையாதாம், ஒவ்வொரு கார்டுக்கும் கம்பெனியில அச்சடிச்ச நம்பரை வச்சே கட்டளை எழுதிட்டானாம், எங்க மாத்திச் சொருகினாலும் குழம்பாதாம். வரையற கம்ப்யூட்டர்ல எதுவும் கேக்காம திறந்து காட்டினான். உள்பக்கத்து கார்டு வேலை செய்யுது பாத்தியான்னு அவ்வளவு சந்தோஷம். தங்கச்சி தப்பிச்சது பாதி, கார்டு ஜெயிச்சது பாதி. அண்ணி நாற்காலி போட்டு ஏறி, ஹால் கேமராவைக் கழட்டி அவன் மேஜை மேல வச்சுட்டாங்க.

சமையல்கட்டுல நான் கேட்டேன், எனக்குக் கேக்காம இருக்க முடியலை. "அண்ணி, மத்தியானம் சொன்னதெல்லாம் நடிப்புதானே?"

அவங்க அடுப்பை அணைச்சாங்க. "பல்லு பேரு சொன்ன வரைக்கும் நடிப்பு."

"கேமராவுக்குத்தான் காது இல்லையே. அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"உனக்கு இருக்குல்ல. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

சுருக்குனுதான் இருந்துச்சு. வலிச்சாலும், மாசக்கணக்கா அந்த முகத்தைப் படிச்சுப் படிச்சு நான் தேடினது இதைத்தான், இப்ப அவங்களே வாயால சொல்லிட்டாங்க. இனிமே டம்ளர் சத்தத்துக்கு அர்த்தம் தேட வேண்டாம். சரிங்க அண்ணி, வேற இடம் பாத்துக்கறேன்னேன். உங்க அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன்னாங்க.

மறுநாள் வீடு பாக்கக் கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது பாத்தா அண்ணியும் பையை மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. வேலைக்குப் போகலையான்னு கேட்டேன், லீவு சொல்லிட்டேன்னு முன்னால நடந்தாங்க. கடைக்குப் பக்கத்துலயே மாடியில ஒரு அறை இருந்துச்சு. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம், எனக்குப் பாத்ததுமே புடிச்சுப் போச்சு. நான் ஜன்னல்கிட்ட நின்னுட்டு இருந்தேன். அண்ணி உள்ள வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, தன் பலம் முழுக்கக் குடுத்து இழுத்துப் பாத்தாங்க. கொக்கி லேசா ஆடிச்சு.

"இது ஆகாது, பாப்பா. வேற பாக்கலாம் வா."